செப்டம்பர் மானுக்கு எந்த மரம்? மூன்று பருவத்தின் பதிவு

நேற்று மதியம் மானின் நோய்ப் பரிசோதனை முடிவு வந்தது. நோய் இல்லை. ஃப்ரீசரின் அடித்தட்டில் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தொடாமல் வைத்திருந்த கறிப் பொட்டலங்களில் ஒன்றை எடுத்து வெளியே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். வில்லில் எனக்குக் கிடைத்த முதல் மான் இது. மூன்று செப்டம்பர், மொத்தம் பத்தொன்பது மாலைகள், காலைகள். பத்தொன்பதாவது தடவைதான் அம்பை விட்டேன். அதற்கு முந்தைய பதினெட்டும் ஏன் பலிக்கவில்லை என்பது இப்போதுதான் எனக்கு ஓரளவு புரிகிறது. வில் எப்படி, குறி எப்படி என்பதை விட்டுவிட்டு, எங்கே உட்காருவது என்பதை மட்டும் எழுதுகிறேன். என் தப்பெல்லாம் அங்கேதான் இருந்தது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசனுக்குப் பக்கம். அங்கிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் நிலமே மாறிவிடும். பனி யுகத்துப் பனிப்பாளங்கள் மழித்துச் சமப்படுத்தாமல் விட்ட பகுதி அது, டிரிஃப்ட்லெஸ் என்பார்கள். செங்குத்தான சரிவுகள், ஒடுங்கிய பள்ளத்தாக்குகள், முகடுகளில் ஓக் காடு, அடிவாரத்தில் மக்காச்சோளமும் சோயாவும். விஸ்கான்சின் ஆற்றை ஒட்டியும் அதன் கிளைப் பள்ளத்தாக்குகளிலும் அரசு நிலம் திட்டுத் திட்டாக இருக்கிறது, உரிமம் வைத்திருக்கும் யாரும் வேட்டையாடலாம். ஆனால் மாநிலத்தின் தென்பாதியில் அரசு நிலத்தில், மேலே ஏறி உட்கார மரத்தில் பரணை மாட்டினால் அன்றைய வேட்டை நேரம் முடிந்ததும் கழற்றி எடுத்து வந்துவிட வேண்டும். மரத்தில் ஆணியோ திருகோ இறக்கக் கூடாது, கிளையை வெட்டவும் கூடாது. ஆக, ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் முதுகில் சுமந்து போய், மாட்டி, கழற்றி, திரும்பிச் சுமக்க வேண்டும்.

வில் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கும். நவம்பர் மாதிரி இல்லை இது. நவம்பரில் இனச்சேர்க்கைக் காலம், கிடா மான் எங்கே வேண்டுமானாலும் ஓடும், பகல் நடுவிலும் வரும். செப்டம்பரில் வெள்ளைவால் மானுக்கு அப்படி எந்த அவசரமும் இல்லை. சூடு, கொசு, அடர்ந்த இலை. பகலெல்லாம் நிழலில் படுத்திருந்து, மாலையில் எழுந்து, கொஞ்சம் மேய்ந்து, இருட்டியதும் வயலுக்குப் போகும். வெளிச்சம் இருக்கும்போது அது நடக்கிற தூரம் சில சமயம் இருநூறு கெஜம்கூட இருக்காது. அந்த இருநூறு கெஜத்துக்குள் நாம் இருக்க வேண்டும், இருப்பதும் அதற்குத் தெரியக் கூடாது. வில்லுக்கு நான் வைத்துக்கொண்ட எல்லை 22 கெஜம். அதனால் சுமாரான இடம் போதாது, சரியான மரம் வேண்டும்.

2022, முதல் பருவம். என் தாத்தா தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் சோளக்காட்டு நடுவே பரண் கட்டி, காட்டுப்பன்றிக்குக் காவல் இருந்தவர். தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் படுத்திருந்த ராத்திரிகள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த நினைப்பிலேயே நானும் விளைச்சல் இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தேன். ஆகஸ்ட் மாதம் ரோட்டோரம் காரை நிறுத்தி பைனாகுலரில் பார்த்தபோது ஒரு தனியார் சோயா வயலில் சாயங்காலம் பதினான்கு மான்கள். வயலை ஒட்டிய காடு அரசு நிலம். எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பத்து கெஜம் உள்ளே தள்ளி ஒரு மரத்தில் பரணை மாட்டினேன்.

எட்டு தடவை உட்கார்ந்தேன். முதல் மூன்று நாளும் மான் வந்தது, ஆனால் ஏழரை மணிக்கு மேல். இங்கே வேட்டை நேரம் சூரியன் மறைந்து 20 நிமிஷத்தோடு முடிகிறது. வில்லை மடியில் வைத்துக்கொண்டு, இருட்டில் அவை மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் இறங்கித்தானே ஆக வேண்டும்? 22 பவுண்டு எடையுள்ள அலுமினியப் பரணைக் கழற்றும்போது சங்கிலி ஒரு தட்டுத் தட்டும், வயலில் இருந்த அத்தனை மானும் சீறிக்கொண்டு ஓடும். மூன்று நாள் தொடர்ந்து இதைச் செய்தேன். நான்காம் நாளிலிருந்து அந்த மூலைக்கு ஒன்றுகூட வரவில்லை. மாதக் கடைசியில் சோயா இலை மஞ்சளாகிவிட்டது, மானுக்குப் பச்சை இலைதான் பிடிக்கும், வயலே காலி. அங்கே இன்னும் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தாத்தாவின் பரண் விலங்கை விரட்டுவதற்கு. அங்கே மனுஷ வாடை வீசுவதே பாதி வேலை. இதை யோசித்துப் பார்க்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

2023, இரண்டாவது பருவம். அந்தக் கோடையில் விஸ்கான்சினில் கடும் வறட்சி. தண்ணீர் இருக்கும் இடத்துக்கு மான் வந்தே ஆகும் என்று நினைத்தேன், அது தப்பும் இல்லை. மேற்கு ஓரத்தில் ஒரு பள்ளத்தாக்கின் அடியில் ஊற்று கசியும் இடத்தைக் கண்டுபிடித்தேன். சேற்றில் குளம்படிகள் ஒன்றின்மேல் ஒன்றாக மிதித்துக் குழைந்திருந்தன. வானிலைச் செயலி வடமேற்குக் காற்று என்றது. மான் கிழக்கேயிருந்து, பள்ளத்தின் கீழ்ப்பக்கப் புதரிலிருந்து வரும். என் வாடை தென்கிழக்கே போகும், மான் வரும் வழிக்குப் பக்கத்தில், ஆனால் மேலே படாமல். கணக்கு சரி என்று நம்பினேன்.

மாலை ஐந்தரை வரை கணக்கு சரியாகத்தான் இருந்தது. அப்புறம் பள்ளத்தில் நிழல் விழுந்தது. கழுத்தில் இருந்த வியர்வை சில்லென்று ஆனதை உணர்ந்தேன், அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது தெரியவில்லை. பத்து நிமிஷம் கழித்து கீழே புதருக்குள் காலை உதைக்கும் சத்தம், ஒரு சீறல், வெள்ளை வால் ஒன்று கொடி மாதிரி மேலெழுந்து மறைந்தது. நான் அசையவே இல்லை. அந்தப் பருவத்தில் ஏழு மாலையும் இதே கதை. மீதி இரண்டு காலையில் போனேன், அது இன்னும் மோசம். விடிவதற்கு முன்னால் மான் வயலில் நிற்கும், நாம் வயலைத் தாண்டித்தான் மலையேற வேண்டும், போகும்போதே எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் போய் வெறும் காட்டில் உட்கார்ந்தேன். செப்டம்பரில் காலை வேட்டையை அதோடு விட்டுவிட்டேன்.

எங்கள் தெருவில் எதிர் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். பால் பண்ணை வைத்திருந்தவர், அறுபது வருஷமாக வில் பிடிக்கிறவர். அந்தக் குளிர்காலத்தில் அவர் வீட்டு மேஜையில் என் வரைபடத்தை விரித்து எங்கே உட்காரலாம் என்று கேட்டேன். அவர் இடத்தைப் பார்க்கவே இல்லை. "எந்த வழியாப் போவ, எந்த வழியா வருவ, இருட்டினப்புறம் காத்து எங்க போகும், மூணையும் முதல்ல காட்டு" என்றார். எனக்கு மூன்றுக்கும் பதில் இல்லை. உள்ளே போய் ஒரு சின்ன மருந்து டப்பாவைக் கொண்டு வந்து கொடுத்தார். உள்ளே மில்க்வீட் பஞ்சு.

இந்தப் பஞ்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் வாங்கிய எந்தக் கருவியையும்விட இது உபயோகமாக இருந்தது, விலையும் இல்லை. மில்க்வீட் நம்ம ஊர் எருக்கின் குடும்பம். தண்டை ஒடித்தால் பால் வடியும், காய் வெடித்தால் பட்டுப் போன்ற பஞ்சு, ஒவ்வொரு இழைக் கொத்தின் அடியிலும் ஒரு பழுப்பு விதை. சின்ன வயதில் எருக்கம் பஞ்சை ஊதி விட்டுப் பின்னாலேயே ஓடியிருக்கிறேன், கையில் எடுத்ததுமே அந்த வழவழப்பு தெரிந்தது. விதையைக் கிள்ளிவிட்டுப் பஞ்சை மட்டும் விரல் நுனியில் வைத்து விட்டுவிட வேண்டும். காற்றின் திசை பார்க்கக் கடையில் விற்கும் பொடி கை எட்டும் தூரம் வரைதான் தெரியும். பஞ்சு நாற்பது, ஐம்பது கெஜம் மிதந்து போவதைக் கண்ணால் பின்தொடரலாம். எங்கே தயங்குகிறது, எங்கே சுற்றுகிறது, எங்கே தாழ்கிறது, எல்லாம் தெரியும். நம் வாடை போகிற பாதை அதுதான்.

2024 மார்ச்சில், பனி உருகி இலை துளிர்க்கும் முன் இரண்டு சனிக்கிழமை முழுக்க நடந்தேன். அந்த மாதம்தான் இதற்கு வசதி: போன இலையுதிர்காலத்துத் தடங்கள் அப்படியே அழுத்தமாகத் தெரியும், மானைக் கலைத்தாலும் செப்டம்பருக்குள் மறந்துவிடும். கிழக்கு மேற்காக ஓடும் ஒரு முகடு. அதன் வடக்குச் சரிவில், உச்சியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே, மலையின் ஒரு கை வெளியே நீள்கிற இடத்தில் ஏழெட்டுப் படுக்கைகள். ஆட்டுக்குட்டி சுருண்டு படுக்கிற அளவிலிருந்து பெரிய நாய் அளவு வரை நீள்வட்டக் குழிவுகள், உள்ளே வெளுத்த ரோமம், சுற்றிலும் புழுக்கை. அங்கிருந்து ஒற்றையடித் தடம் ஒன்று கீழே இறங்கி, சரிவின் பாதியில் ஒரு சமதளத் திட்டில் போய்ச் சேர்ந்தது. திட்டின் அகலம் நான் அளந்ததில் 35 கெஜம், நீளம் 120. உயரக் கோடுகள் நெருக்கமாக ஓடி அந்த இடத்தில் மட்டும் விலகியிருப்பது வரைபடத்தில் தெரிந்தது. இரண்டு பருவமாக அந்த வரைபடம் என் போனில் இருந்தும் நான் கவனித்ததில்லை.

திட்டில் நான்கு பெரிய வெள்ளை ஓக் மரங்கள். இலையின் விளிம்பு விரல் நுனி மாதிரி உருண்டையாக இருந்தால் வெள்ளை ஓக், முள் மாதிரி கூராக இருந்தால் சிவப்பு ஓக். கொட்டையில் துவர்ப்பு குறைவு என்பதால் வெள்ளை ஓக்கைத்தான் மான் முதலில் தேடும். அது செப்டம்பரிலேயே உதிரத் தொடங்கும். சிவப்பு ஓக்கின் கொட்டை முற்ற இரண்டு வருஷம் எடுக்கும், வெள்ளைக்கு ஒரே பருவம். ஆனால் வெள்ளை ஓக் எல்லா வருஷமும் ஒரே மாதிரி காய்க்காது, ஒரு வருஷம் நிறையக் காய்க்கும், மறு வருஷம் ஒன்றும் இல்லாமலும் போகலாம். ஆகஸ்ட் கடைசியில் மறுபடி போய் பைனாகுலரில் உச்சிக் கிளைகளைத் துழாவினேன். நான்கில் இரண்டில் கொத்துக் கொத்தாகக் காய். கிழக்கு ஓரத்தில் இருந்த மரம் அதில் ஒன்று. அந்த மாவட்டத்தில் மான் நோய் காரணமாகத் தீனி போட்டு வேட்டையாடத் தடை இருப்பதால், காடு தானாக எங்கே உணவை உதிர்க்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் ஒரே வழி.

அப்புறம் பெரியவர் கேட்ட மூன்று கேள்விகள். திட்டின் கிழக்கு விளிம்பை ஒட்டி ஓர் ஓடைப் பள்ளம் இறங்குகிறது. அடியில் கணுக்கால் அளவு ஊற்றுத் தண்ணீர், நூற்றைம்பது கெஜம் ஓடிச் சரளை ரோட்டுக்கு அருகே சேர்கிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான கரை, மானுக்கு அங்கே தீனியும் இல்லை, படுக்க இடமும் இல்லை. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே நடந்தால் தடத்தில் வாடை தங்காது, நீர்ச் சத்தத்தில் காலடியும் கேட்காது. படுக்கையிலிருந்து பார்த்தாலும் கரை மறைக்கும். வழி கிடைத்துவிட்டது.

காற்றுக்காக ஆகஸ்டில் மூன்று மாலைகள் ஒதுக்கினேன். வில் இல்லை, டப்பாவும் கடிகாரமும் ஒரு சின்ன நோட்டும் மட்டும். திட்டின் கிழக்கு விளிம்பில் நின்று கால் மணிக்கு ஒரு தடவை பஞ்சை விட்டேன். முதல் நாள் 4.30க்குப் பஞ்சு மெதுவாக மேலே ஏறி, படுக்கைகள் இருக்கும் திசையில் போனது. 5.30க்கு அந்தரத்தில் நின்று தடுமாறியது. வடக்குச் சரிவு என்பதால் வெயில் சீக்கிரமே விலகிவிடுகிறது. 6 மணிக்கு விட்ட பஞ்சு என் கையை விட்டதும் முழங்கால் உயரத்துக்குத் தாழ்ந்து, விளிம்பைத் தாண்டி, ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கி, தண்ணீர் போகிற வழியிலேயே போனது. குளிர்ந்த காற்று கனத்துக் கீழே வழிகிறது, அவ்வளவுதான். வேட்டைக்காரர்கள் இதைத் தெர்மல் என்கிறார்கள். என் கழுத்தில் சில்லென்று பட்டது இதுதான் என்று அங்கே நிற்கும்போதே தெரிந்தது. இரண்டாம் வருஷம் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து, என் வாடையை நானே புதருக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் தென்காற்று வீசியது. பஞ்சு ஒரு நேரம் பள்ளத்துக்கும் ஒரு நேரம் திட்டின் நடுவுக்கும் மாறி மாறிப் போனது. நோட்டில் எழுதினேன்: மேற்கு அல்லது வடமேற்கு, மணிக்கு எட்டு மைலுக்குள், வேறெதற்கும் வரக் கூடாது.

அந்த வரியை மதிக்க வேண்டிய நாள் உடனே வந்தது. செப்டம்பர் 14, பருவம் திறந்த சனிக்கிழமை, தென்கிழக்குக் காற்று, நல்ல வெயில். பை கட்டி வாசலில் தயாராக இருந்தது. போகவில்லை. அந்த முடிவு எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் தடவை உட்காரும்போதுதான் அந்த இடம் கன்னி கழியாமல் இருக்கும், அதைத் தப்பான காற்றில் செலவழிக்க மனம் வரவில்லை.

சில நாள் கழித்துக் காற்று திரும்பிய ஒரு மாலையில் முதல் தடவை போனேன். கனமான பரணை முதல் வருஷமே விற்றுவிட்டேன். இப்போது இருப்பது சேடில்: இடுப்பிலும் தொடையிலும் மாட்டுகிற துணிக் கச்சை, மரத்தில் கட்டிய கயிற்றில் சாய்ந்து உட்காரலாம். நான்கு ஏணிக் குச்சிகள், கால் வைக்க ஒரு சின்னத் தட்டு. எல்லாம் சேர்த்து 17 பவுண்டு. ஏறும்போது இடுப்புக் கயிறு மரத்தைச் சுற்றிக் கடைசி வரை இருக்கும், மேலே போனதும் முதலில் பிரதானக் கயிற்றைக் கட்டிவிட்டுத்தான் அதை அவிழ்ப்பேன். வில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஏறவே கூடாது, மேலே போனபின் கயிற்றில் தூக்கிக்கொள்ள வேண்டும். இதில் நான் எந்தச் சுருக்குவழியும் எடுப்பதில்லை.

அன்று செய்த தப்பு மரத்தில். ஓக்குக்கு 14 கெஜம் தள்ளி, நேரான ஒற்றை மேப்பிள், 18 அடி உயரம். சமதரையில் அது நல்ல உயரம். ஆனால் மான் வருவது மேலே சரிவிலிருந்து. 6.20க்கு ஒரு பெட்டையும் இரண்டு குட்டிகளும் தடத்தில் இறங்கி வந்தன. முப்பது கெஜத்தில் பெட்டையின் கண் என் கண்ணுக்கு நேர் மட்டத்தில் இருந்தது. பின்னால் வெறும் வானம். கொசுவுக்காகக் கையை இரண்டு அங்குலம் நகர்த்தினேன், போதும். முன்னங்காலை ஓங்கித் தரையில் அடித்தாள், தலையைத் தாழ்த்தி உயர்த்திப் பார்த்தாள், மெதுவாகத் திரும்பி மேலேயே போய்விட்டாள். வாடை கிடைக்காததால் சீறவில்லை. அதனால் இடம் இன்னும் கெடவில்லை என்று முடிவு செய்தேன்.

இறங்குமுன் மேலே இருந்தபடியே வேறு மரம் தேடினேன். விளிம்பிலேயே இன்னும் ஐந்து கெஜம் கீழே, அடியில் இரண்டாகப் பிரிந்த ஒரு பாஸ்வுட். இரண்டு தண்டு, அகலமான இலை, பின்னால் அடர்ந்த புதர்ச்சரிவு. 14 அடிக்கு மேல் போகத் தேவையில்லை. சேடிலில் ஒரு வசதி, மரத்துக்குப் பின்பக்கம் தொங்கலாம். தண்டுக்கு அந்தப் பக்கம் மான், இந்தப் பக்கம் நான்.

செப்டம்பர் 25, புதன்கிழமை. முந்தைய நாட்களின் புழுக்கம் விலகி லேசான வடமேற்குக் காற்று. அரை நாள் விடுப்பு எடுத்தேன். உண்ணிக்காகப் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து தெளித்துக் காய வைத்த உடை. இந்தப் பக்கம் உண்ணி கடித்து வரும் லைம் நோய் சகஜம், இதை விடவே கூடாது. 3.10க்குக் காரை நிறுத்தி, ஓடைத் தண்ணீரில் மெதுவாக நடந்து, மரத்தடிக்கு 3.50. மேலே ஏறி வில்லைத் தூக்கி அம்பை நாணில் பொருத்தியபோது 4.35. பஞ்சு இன்னும் மேலேதான் போனது, அது எனக்குக் கவலையாக இருந்தது. 5.25க்கு நின்றது. 5.40க்கு முதல் பஞ்சு பள்ளத்துக்குள் இறங்கியது. அதற்கப்புறம் டப்பாவை மூடிவிட்டேன்.

ஓக் கொட்டை உதிரும் சத்தம் அந்த அமைதியில் பெரிதாகக் கேட்கும். கிளையில் ஒரு தட்டு, இலையில் ஒரு தட்டு, கடைசியில் தரையில். அணில்கள் ஓடின. 6.18க்கு மேலே ஒரு குச்சி ஒடிந்தது. ஒரு பெட்டை தனியாக வந்தாள், நல்ல வளர்ந்த மான். கோடையின் செம்பட்டை போய்ச் சாம்பல் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. அவசரமே இல்லாமல் ஓக்குக்கு அடியில் நின்று பொறுக்கித் தின்றாள். ஒவ்வொரு கொட்டையையும் கடைவாய்க்குத் தள்ளிக் கடிக்கும்போது நொறுங்கும் சத்தம் கேட்டது, தொப்பிபோல் இருக்கும் மேல் ஓடு வாயோரமாக விழுவது தெரிந்தது. பதினொரு நிமிஷம் அப்படியே. ஒரு தடவை நேராக என் மரத்தைப் பார்த்தாள். இரண்டு தண்டுக்கும் பின்னால் நான் மூச்சைக்கூடச் சின்னதாக விட்டேன்.

எனக்குக் கிடைத்திருந்த அனுமதியில் கொம்பில்லாத மானும் அடங்கும். குட்டி எதுவும் கூட வரவில்லை. 6.29க்கு அவள் பின்பக்கம் திரும்பிச் சற்றுச் சாய்வாக நின்று தலையைத் தாழ்த்தினாள். தூரம் முன்பே அளந்து வைத்தது, 17 கெஜம். வில் 50 பவுண்டு இழுவிசை. இழுத்தேன், இடுப்பிலிருந்து வளைந்தேன், விட்டேன். துள்ளினாள், திட்டின் குறுக்கே ஓடினாள், அப்புறம் இலைகள் நொறுங்கும் சத்தம், அதோடு ஒன்றும் இல்லை. கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது. தொங்கியபடியே மனதுக்குள் அவளிடம் நன்றி சொன்னேன்.

அரை மணி நேரம் அசையாமல் இருந்தேன். இறங்கிப் பார்த்தபோது அம்பு மண்ணில் குத்தி நின்றது, நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம், நுரையீரல். அங்கிருந்து 64 தப்படியில் கிடந்தாள். கண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்தேன்.

வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பம். செப்டம்பரில் கறி சீக்கிரம் கெட்டுவிடும். அங்கேயே வயிற்றைச் சுத்தம் செய்து, ஓடை வழியாக ரோட்டுக்கு இழுத்து வர ஒன்றரை மணி நேரம். காரில் வைத்திருந்த இரண்டு பத்துப் பவுண்டு ஐஸ் மூட்டைகளை உடலுக்குள் அடைத்தேன். வீட்டுக்கு வந்து பதிவு செய்தேன், மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். எலும்பு நீக்கிய கறி 41 பவுண்டு. தலையை இயற்கை வளத் துறை வைத்திருக்கும் இலவசப் பெட்டியில் பரிசோதனைக்குக் கொடுத்தேன். குரோனிக் வேஸ்டிங் என்ற, மானின் மூளையை அரிக்கும் நோய் இந்த மாநிலத்தில் 2002இல் முதலில் தெரிய வந்தது, மேடிசனுக்கு மேற்கே இருக்கும் இந்தப் பக்கங்களில்தான் அதிகம். முடிவு வரும்வரை வீட்டில் யாரும் ஒரு துண்டும் தொடவில்லை.

அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாவம்டா அது" என்றார். நம்ம ஊரில் 1972 சட்டப்படி மான் வேட்டை குற்றம், அங்கே அது சரியும்கூட. இங்கே மான் பெருகி, காட்டின் இளங்கன்றுகளையெல்லாம் தின்று, நோயும் பரவுகிறது. அரசே இத்தனை எடுங்கள் என்று அனுமதி கொடுக்கிறது. இதையெல்லாம் விளக்கினேன். "சரிப்பா, எதையும் வீணாக்காம பார்த்துக்க" என்றார். அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: பழைய வில் 320 டாலர், அம்பும் முனைகளும் 110, சேடில் 280, ஏணிக் குச்சிகள் 120, கயிறுகள் 60, ரப்பர் பூட்ஸ் 90, வரைபடச் செயலி மூன்று வருஷத்துக்கு 100 அளவில், வில் உரிமம் வருஷத்துக்கு 24, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு 10. ஏறக்குறைய 1,160 டாலர். முதல் வருஷம் 140 கொடுத்து வாங்கிய பரணை 80க்கு விற்றது தனி. மறுபடி தொடங்கினால் பரணை வாங்கவே மாட்டேன். அந்தப் பணத்தில் பெட்ரோல் போட்டு மார்ச்சில் இன்னும் நான்கு தடவை நடப்பேன்.

வேறு என்ன மாற்றுவேன்? ஒரு மணி நேரம் முன்னாலேயே போயிருப்பேன் என்று முதலில் நினைத்தேன். பிறகு நோட்டைப் பார்த்தால் அது தப்பு: 5.25 வரை காற்று படுக்கையை நோக்கித்தான் ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் போனால் அவ்வளவு நேரம் கூடுதலாக என் வாடை மேலே போகும். அடுத்த வருஷம் மரத்தடிக்கு 4.30க்குப் போய், பள்ளத்துக்குள்ளேயே காத்திருந்து, காற்று நின்றதும் ஏறுவேன். மாட்டுவதற்கு 45 நிமிஷம் எடுத்தது ரொம்ப அதிகம், அதை இருபதுக்குக் கொண்டுவர வீட்டுப் பின்புற மரத்தில் பழக வேண்டும். மானை முழுதாக இழுக்கவும் மாட்டேன். தோல் நீங்கலாக ஐந்து பாகங்கள் வரை பிரித்து எடுத்து வர இங்கே அனுமதி இருக்கிறது, முதுகில் மாட்டிச் சுமக்கும் சட்டகம் ஒன்று வாங்கி வைக்கிறேன். ஐஸ் நான்கு மூட்டை.

இன்னொன்று, இந்த மரம் மேற்குக் காற்றுக்கு மட்டும்தான். தென்காற்றுக்கு எனக்கு இடமே இல்லை, செப்டம்பரில் பாதி நாள் தென்காற்றுதான். திட்டின் மேற்குக் கோடியில் காய்த்திருந்த இன்னோர் ஓக்கின் பக்கம் ஒரு சின்னப் பள்ளம் இருப்பதாக வரைபடம் சொல்கிறது. மார்ச்சில் பனி உருகியதும் அதன் அடியிலிருந்து நடந்து பார்க்க வேண்டும். மில்க்வீட் காய்கள் இப்போது ரோட்டோரமெல்லாம் வெடித்துக் கிடக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவரையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு டப்பா நிரப்பி வரலாம் என்று இருக்கிறேன். அவர் வீட்டுக்கு எடுத்து வைத்த கறிப் பொட்டலத்தையும் அப்போதே கொடுத்துவிடுவேன்.